நாரிச் சத்திரசிகிச்சையிற் குருதிக்கலன் காயம்: சப்பிரகமுவாத் தோட்டங்களை முன்னிட்ட ஒரு வரலாற்று நோக்கு

உழைப்பின் பாரத்தை மனித உடலில் முதன்மையாகத் தாங்குவது கீழ்முதுகு. யாழ்ப்பாணத்தார் அதனை நாரி என்பர். தோட்டங்களில் வாழ்வோர் இடுப்பு என்பர். சொல் வேறாயினும் நோவு ஒன்றே. அந்நோவைத் தீர்க்கும்பொருட்டு முள்ளந்தண்டின் பின்புறத்தைத் திறந்து செய்யப்படும் சத்திரசிகிச்சை, இருபதாம் நூற்றாண்டு மருத்துவம் மனிதர்க்கு அளித்த பெரும் பேறுகளுள் ஒன்று. ஆயினும் முதுகின் வழியே நுழைந்த கருவி சில வேளைகளில் முள்ளந்தண்டையுங் கடந்து, அதற்கு முன்னே வயிற்றினுள் ஓடும் பெருங் குருதிக்கலன்களைக் காயப்படுத்துவதுண்டு. இது மிக அரிதாக நேர்வது. நேர்ந்தாலோ உயிருக்கே இறுதியாவது. இக்காயத்தின் வரலாற்றை அறிந்துகொள்வது சத்திரசிகிச்சை நிபுணர்க்கு மட்டும் உரிய கடமையன்று. குனிந்தும் சுமந்தும் வாழ்வு நடத்தும் மக்களையுடைய சப்பிரகமுவா மாகாணத் தோட்டங்களை மனத்திற்கொண்டு நோக்குமிடத்து, மருத்துவ வரலாறும் சமுதாய வரலாறும் இங்கு ஒன்றையொன்று சந்திப்பது புலனாகும்.

இரத்தினபுரி, கேகாலை என்னும் இரு மாவட்டங்களைக் கொண்ட சப்பிரகமுவா, 1889ஆம் ஆண்டில் மேல் மாகாணத்தினின்றும் பிரிக்கப்பட்டுத் தனி மாகாணமாயிற்று. மலைநாட்டின் மேற்குத் தெற்குச் சரிவுகளில் அமைந்து பெருமழை பெறும் இந்நிலத்தினூடே களனி கங்கையும் களு கங்கையும் பாய்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இறக்குவானை, பலாங்கொடைப் பக்கங்களிற் கோப்பித் தோட்டங்கள் எழுந்தன. 1869ஆம் ஆண்டில் இலங்கையிற் காணப்பட்ட இலைநோய் அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பிப் பயிரை அழித்துவிட, அதனிடத்தைத் தேயிலை கொண்டது. 1876ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கியூ தாவரத் தோட்டத்திலிருந்து வந்து எனரத்கொடையில் நடப்பட்ட இறப்பர்க் கன்றுகளின் வழிவந்த மரங்கள், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கேகாலை மாவட்டத்தின் தாழ்ந்த குன்றுகளை மூடின. எட்டியாந்தோட்டை, தெரணியகலை, ருவான்வெல்லை முதலிய இடங்களில் இறப்பரும், பலாங்கொடை, இறக்குவானை, காவத்தைப் பக்கங்களில் தேயிலையும் இறப்பரும் வளரலாயின. நுவரெலியாப் பகுதியில் மலைக்கு மலை தொடரும் பெருந்தோட்டங்களைப் போலன்றி, இங்குள்ள தோட்டங்கள் பல சிறியவை. சிங்களக் கிராமங்களுக்கும் நெல்வயல்களுக்கும் நடுவே சிதறிக் கிடப்பவை. தென்னிந்தியாவினின்றும் கங்காணிமாரால் அழைத்துவரப்பட்ட தமிழ்த் தொழிலாளர், இத்தோட்டங்களின் இலயங்களில் வாழத் தலைப்பட்டனர்.

இவர்தம் தொழிலின் இயல்பை நோக்கினால் முதுகு படும் பாடு விளங்கும். இறப்பர்த் தோட்டத்திற் பால் வெட்டுவோர் விடியுமுன் எழுந்து, வெயில் ஏறுமுன் நூற்றுக்கணக்கான மரங்களிற் பட்டையைச் சீவுதல் வேண்டும். வெட்டு மரத்தின் அடியை நோக்கி இறங்கும்தோறும் வெட்டுவோரும் குனிந்து செல்வர். பின்னர்ச் சிரட்டைகளிற் சேர்ந்த பாலை வாளிகளிற் சேர்த்துச் சரிவான பாதை வழியே சுமந்து வருவர். தேயிலைத் தோட்டத்துப் பெண்களோ தலையிற் கட்டிய கயிற்றிலே முதுகிற் கூடையைத் தாங்கி, நாளொன்றுக்குப் பதினைந்து இருபது கிலோ கொழுந்தைச் சரிவுகளில் ஏறியிறங்கிப் பறிப்பர். மழையில் நனைந்த கொழுந்து பாரம் மிகுந்தது. நனைந்த பாதையோ வழுக்குவது. இத்தகைய உழைப்பில் ஆண்டுகள் பல கழித்தவர்க்கு நாரி நோவு வருவதில் வியப்பில்லை. அந்நோவு தொடையின் பின்புறமாகக் குதிகால்வரை இறங்கும்போது அது வெறுந் தசைப்பிடிப்பன்று, நரம்பு நசுக்கப்படுவதன் அடையாளம் என்பது இன்று அறியப்பட்டுள்ளது.

எனினும் தோட்டங்களுக்கென எழுந்த மருத்துவ ஏற்பாடு இந்நோவைக் காணும் நோக்குடன் எழுந்ததன்று. 1872ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மருத்துவத் தேவைகள் சட்டம், தோட்டப் பகுதிகளை மருத்துவ மாவட்டங்களாகப் பிரித்து, அவற்றுக்கு வைத்தியரை நியமித்து, செலவின் ஒரு பகுதியைத் தோட்ட உடைமையாளரிடம் பெற வழி செய்தது. 1912ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட 9ஆம், 10ஆம் இலக்கச் சட்டங்கள் அவ்வேற்பாட்டைத் திருத்தியமைத்து, தொழிலாளரிடையே தோன்றும் நோய்களைக் கவனிக்கும் பொறுப்பைத் தோட்டத் துரைமார்மீது சுமத்தின. தோட்டந்தோறும் மருந்தகமும் மருந்தாளரும் தோன்றினர். அம்மருந்தாளரிற் பலர் யாழ்ப்பாணத்திலிருந்து சென்றோர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. அவர்கள் கண்முன் நின்றவை வாந்திபேதி, வயிற்றளைச்சல், காய்ச்சல், பிரசவ மரணம், குருதிச்சோகை என்பனவே. 1916ஆம் ஆண்டில் றொக்பெல்லர் நிறுவனத்தாரின் துணையுடன் மாத்தளைத் தோட்டங்களிற் கொழுக்கிப்புழு ஒழிப்பு முயற்சி தொடங்கிற்று. வெறுங்காலின் தோல் வழியே புகுந்து குடலிற் குருதியை உறிஞ்சும் அப்புழுவினால், வெளிறிய முகமும் வீங்கிய காலும் மூச்சிரைப்பும் தோட்ட மக்களின் இயற்கைத் தோற்றமோ என்று எண்ணும் அளவுக்குப் பரவியிருந்தன. இச்செய்தி பின்னர் வேண்டப்படும்.

இந்நோய்களின் நடுவே நாரி நோவு நோயாகவே கருதப்படவில்லை. தைலம் பூசி, ஒத்தடம் கொடுத்து, இரண்டொரு நாள் இலயத்திற் படுத்திருந்து, மீண்டும் பிரட்டுக்களத்துக்குப் போவதே வழக்கமாயிற்று. உண்மையில் அக்காலத்து உலகத்தின் எப்பகுதியிலும் இந்நோவின் காரணம் செவ்வனே அறியப்படவில்லை. 1764ஆம் ஆண்டில் இத்தாலிய வைத்தியர் தொமெனிக்கோ கொற்றுஞ்ஞோ, காலுக்கு இறங்கும் நோவு நரம்பைச் சார்ந்தது என்று நூலெழுதிக் காட்டினார். 1908ஆம் ஆண்டில் பேர்லினில் பெடோர் கிறவுசே என்னும் சத்திரசிகிச்சை நிபுணர், நரம்பியல் வைத்தியர் ஒப்பன்கைமின் நோயாளி ஒருவருக்கு முள்ளந்தண்டைத் திறந்து, நரம்பை நசுக்கிய பொருளை அகற்றிக் குணங் கண்டார். ஆயினும் அப்பொருளைக் கசியிழையக் கட்டி என்றே அவர் எண்ணினார். கையிற் கிடைத்த உண்மை அறிவிற் படாமலே நழுவிற்று.

அவ்வுண்மை துலங்கியது 1934ஆம் ஆண்டில். அவ்வாண்டு ஆகத்து மாதத்தில், அமெரிக்காவின் பொஸ்ரன் நகரிலுள்ள மசாச்சுசெற்ஸ் பொது வைத்தியசாலையைச் சேர்ந்த வில்லியம் யேசன் மிக்ஸ்ரர், யோசப் பார் என்னும் இருவர், முள்ளென்புகளுக்கு இடையேயுள்ள வட்டத்தட்டு வெடித்து அதன் உட்பொருள் பின்புறமாகப் பிதுங்கி நரம்பை நசுக்குவதே பல நோயாளரின் நோவுக்குக் காரணம் என்று நிறுவினர். அதனை அகற்றினால் நோவு தீரும் என்பதும் காட்டப்பட்டது. அன்று தொடங்கி நாரிச் சத்திரசிகிச்சை உலகெங்கும் பரவலாயிற்று.

அதே 1934ஆம் ஆண்டு இலங்கைக்கும் குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம், தொழில் செய்யுங்கால் விபத்தினாற் காயமுற்றோர்க்கு ஈடு கேட்கும் உரிமையை அளித்தது. விபத்துக்கு நாளுண்டு, இடமுண்டு, கண்ட சாட்சியுண்டு. முப்பதாண்டுக் குனிவினால் முள்ளந்தண்டின் தட்டு தேய்ந்ததற்கு நாளுமில்லை, சாட்சியுமில்லை. ஆகவே சட்டம் பிறந்தபின்னும் நாரி நோவு பெரும்பாலும் தொழிலாளியின் சொந்த நோவாகவே நின்றுவிட்டது. அவ்வாண்டின் இறுதியில் மழை பொய்த்து ஆறுகள் வற்றிக் குட்டைகளாக, மலேரியாக் கொள்ளைநோய் மூண்டது. மிகக் கடுமையாகத் தாக்கப்பட்ட பகுதிகளுள் கேகாலை மாவட்டமும் ஒன்று. டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கா, என். எம். பெரேரா முதலியோர் அங்கு நிவாரணப் பணி செய்தமை அரசியல் வரலாற்றில் இடம்பெற்றுள்ளது. பொஸ்ரனில் முள்ளந்தண்டின் தட்டு ஆராயப்பட்ட வேளையிற் கேகாலையில் மக்களுக்கு வேண்டியிருந்தது கொயினா மருந்தும் கஞ்சியுமே. மருத்துவ அறிவு ஓரிடத்திற் பிறந்து இன்னோரிடத்தை அடையும்வரை கழியும் காலத்தை இவ்வொப்பீடு உணர்த்தும்.

இனி இச்சத்திரசிகிச்சையில் மறைந்திருக்கும் இடர் எதுவென்பதை அறிதற்கு உடலின் அமைப்பைச் சிறிது நோக்குதல் வேண்டும். நாரி முள்ளென்புகள் ஐந்து. ஒவ்வோரிரண்டுக்கும் இடையே ஒரு வட்டத்தட்டு உண்டு. வெளியே உறுதியான நார்வளையமும் உள்ளே மென்மையான கூழும் சேர்ந்து அமைந்தது அது. தட்டின் பின்னே நரம்புகள் செல்லும் கால்வாய். தட்டின் முன்னே, ஒரு மெல்லிய நீண்ட நாரிணைப்பின் மறுபுறத்தில், உடலின் மிகப்பெரிய குருதிக்கலன்கள். இதயத்தினின்று இறங்கிவரும் பெருநாடி நான்காம் நாரி முள்ளென்பின் அளவில் இரண்டு இலியாக்கு நாடிகளாகப் பிரிகின்றது. கால்களினின்று ஏறிவரும் இரண்டு இலியாக்கு நாளங்கள் ஐந்தாம் முள்ளென்பின் அளவிற் கூடிக் கீழ்ப்பெருநாளமாகின்றன. குனிந்து சுமப்போர்க்குத் தட்டு பெரிதும் பிதுங்குவதும் இவ்விடத்திலேயே. நோய் மிகுந்த இடமும் இடர் மிகுந்த இடமும் ஒன்றாய் அமைந்தமை இயற்கையின் ஏற்பாடு.

சத்திரசிகிச்சையின்போது நோயாளி குப்புறப் படுத்திருப்பார். பிதுங்கிய பகுதியை அகற்றிய பின், எஞ்சிய கூழ் மீண்டும் பிதுங்காதிருக்கும்பொருட்டு நிபுணர் நுனியிற் பற்களையுடைய நீண்ட இடுக்கியைத் தட்டின் உள்ளே செலுத்தித் துண்டு துண்டாய் எடுப்பார். தட்டின் முன்பின் ஆழம் ஏறக்குறைய மூன்று முதல் நான்கு சென்ரிமீற்றர், அதற்கப்பால் வயிறு. உறுதியான முன்வளையம் கருவியைத் தடுக்கும். கை அத்தடையை உணரும். ஆனால் நாட்பட்ட நோயில் வளையம் வெடிப்புற்று நலிந்திருக்குமாயின் தடை தோன்றாது. இடுக்கி முன்னே சென்று, கூழெனக் கருதி நாடியின் சுவரையோ நாளத்தின் சுவரையோ பற்றிவிடும்.

அப்போது குருதி பீறிட்டு முதுகின் காயத்தை நிரப்பும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. உண்மை அவ்வாறன்று. ஏறக்குறையப் பாதி நோயாளரிடத்திற் காயத்திற் குருதி மிகுதியாகத் தோன்றுவதேயில்லை. துளை தானே மூடிக்கொள்ள, குருதி முன்புறத்தே வயிற்றறையின் பின்னால் உள்ள தளர்ந்த இழையங்களிற் பெருகி நிற்கும். நிபுணர் தம் கண்முன் தூய்மையான காயத்தைக் கண்டு அமைதியுடன் தையலிடுவார். குருதி அமுக்கம் விழுவதையும் நாடித்துடிப்பு விரைவதையும் முதலிற் காண்பவர் தலைமாட்டில் இருக்கும் மயக்கமருந்து வைத்தியரே. அதனை மயக்கமருந்தின் விளைவு என்று கருதி அரைமணி தாழ்த்தினால் அத்தாழ்வே உயிரைக் கொண்டுபோகும். இக்காயத்தின் கொடுமை அதன் மறைவிலேயே உள்ளது.

மிக்ஸ்ரரும் பாரும் கட்டுரை வெளியிட்டுப் பதினோராண்டு கழிந்தபின், 1945ஆம் ஆண்டில், இக்காயம் பற்றிய முதல் ஏட்டுப் பதிவு வெளிவந்தது. அதுவும் அதே மசாச்சுசெற்ஸ் பொது வைத்தியசாலையினின்று வந்தமை கருதற்பாலது. அதனை எழுதியோர் குருதிக்கலன் சத்திரசிகிச்சை நிபுணர் றொபேட் லின்ரனும், பின்னாளில் 1955ஆம் ஆண்டில் அமெரிக்க அதிபர் ஐசனோவருக்குச் சிகிச்சை செய்து புகழ்பெற்ற இதயநோய் வைத்தியர் போல் டட்லி வைற்றும் ஆவர். நாரிச் சத்திரசிகிச்சைக்குப்பின் நோயாளி ஒருவரின் வலது இலியாக்கு நாடிக்கும் கீழ்ப்பெருநாளத்துக்கும் இடையே ஒரு திறப்பு உண்டாகி, நாடிக் குருதி நேரே நாளத்திற் பாய்ந்துகொண்டிருந்தது. அத்திறப்பைச் சத்திரசிகிச்சையால் மூடி அவரைக் குணப்படுத்தினர். முள்ளந்தண்டில் நேர்ந்த காயத்தைப் பற்றி இதயநோய் வைத்தியர் எழுத நேர்ந்தது ஏன் என்னும் வினாவிலேயே இக்கட்டுரையின் மையம் அடங்கியுள்ளது.

அதன்பின் 1948ஆம் ஆண்டிற் கோல்ஷரும், 1954ஆம் ஆண்டில் ஆபிசனும் மேலும் சில நோயாளரைப் பற்றி எழுதினர். 1959ஆம் ஆண்டில் டிசொசூர் என்பார் சத்திரசிகிச்சை நிபுணர் பலருக்கு வினாத்தாள் அனுப்பி, ஏடுகளில் வெளிவராதிருந்த நிகழ்ச்சிகளையும் திரட்டி, நூற்றுக்கு மேற்பட்ட காயங்களைத் தொகுத்துக் காட்டினார். தம் கைவழி நேர்ந்த பிழையை எழுதி வெளியிட முன்வருவோர் சிலரே. கேட்டால் விடை தருவோர் பலர் என்பதை அத்தொகுப்புக் காட்டிற்று. பின்வந்த ஆய்வுகள் இக்காயம் பத்தாயிரம் சத்திரசிகிச்சைகளுக்கு ஒன்று முதல் ஐந்து வரையில் நேர்வதாகக் கணித்தன. எண் சிறிதெனினும், பழைய நாளில் உடனே கண்டறியப்படாத பெருங்காயமுற்றோரிற் பெரும்பாலோர் பிழைக்கவில்லை.

பிழைத்தோர் பிழைத்தது வேறு துறைகளின் வளர்ச்சியினால். 1901ஆம் ஆண்டில் வியன்னாவில் லாண்ட்ஸ்ரைனர் குருதி வகைகளைப் பிரித்தறிந்தார். அதனால் ஒருவர் குருதியை இன்னொருவர்க்கு அச்சமின்றிச் செலுத்த வழி பிறந்தது. 1902ஆம் ஆண்டிற் பிரான்சின் லியோன் நகரில் அலெக்சிஸ் கரேல் அறுபட்ட குருதிக்கலன்களை ஊசியும் நூலுங் கொண்டு இணைக்கும் முறையை வெளியிட்டு, 1912ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றார். இவ்விரண்டும் இன்றேல், காயத்தை அறிந்த வைத்தியருங்கூடக் கைகட்டி நிற்க வேண்டியவரே. ஆகவே நாரிச் சத்திரசிகிச்சை செய்யப்படும் இடத்திற் குருதி சேமிப்பும், வயிற்றைத் திறந்து நாடியைத் தைக்க வல்ல கையும் அண்மையில் இருத்தல் வேண்டும் என்னும் விதி பிறந்தது.

இலங்கையில் அவ்வசதிகள் யாவும் நெடுங்காலம் கொழும்பிலேயே ஒருங்கமைந்திருந்தன. 1870ஆம் ஆண்டில் அங்கு மருத்துவக் கல்லூரி நிறுவப்பட்டது. நரம்புச் சத்திரசிகிச்சைக்கெனத் தனிப்பிரிவு 1950களின் நடுப்பகுதியிற் கொழும்புப் பொது வைத்தியசாலையில் டாக்டர் ஷெல்ரன் கப்ராலினால் தொடங்கப்பட்டது. கேகாலை நகர் கொழும்பினின்றும் ஏறக்குறைய 80 கிலோமீற்றரும், இரத்தினபுரி நகர் ஏறக்குறைய 100 கிலோமீற்றரும் தொலைவிலுள்ளவை. தோட்டத்துச் சரிவிலிருந்து அந்நகர்களை அடைவதே தனிப் பயணம். களனிப் பள்ளத்தாக்கின் குறுகிய இருப்புப்பாதை 1903ஆம் ஆண்டில் எட்டியாந்தோட்டையையும் 1912ஆம் ஆண்டில் இரத்தினபுரியையும் எட்டிற்று. இறப்பரையும் தேயிலையையும் கொழும்புத் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்ல எழுந்த அப்பாதை நோயாளிக்கும் உதவிற்று. எட்டியாந்தோட்டைக் கிளை 1940களிலும், அவிசாவளைக்கு அப்பாற்பட்ட இரத்தினபுரிப் பகுதி 1970களிலும் அகற்றப்பட்டன. 2003ஆம் ஆண்டு மே மாதத்து வெள்ளத்தில் இரத்தினபுரி மாவட்டத்துப் பாதைகள் பல துண்டிக்கப்பட்டமையை அம்மாவட்டத்தார் மறந்திலர்.

தோட்ட நிருவாகமும் பல கை மாறிற்று. 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும் 1975ஆம் ஆண்டில் அதற்குச் செய்த திருத்தமும் தோட்டங்களை அரசுடைமையாக்கின. 1992ஆம் ஆண்டில் அவற்றின் நிருவாகம் தனியார் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. தோட்ட வைத்தியசாலைகளை அரசாங்கச் சுகாதார சேவையுடன் இணைக்கும் பணி அதன்பின் படிப்படியாக நடைபெறலாயிற்று. இரத்தினபுரி வைத்தியசாலை போதனா வைத்தியசாலையாக உயர, 2010களின் இறுதியிற் சப்பிரகமுவாப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் அதனைச் சார்ந்து எழுந்தது. தொலைவு குறைந்திருக்கின்றது. ஆயினும் இக்காயத்தைப் பொறுத்தவரையில் தொலைவு என்பது கிலோமீற்றர் மட்டுமன்று.

இவ்விடத்தில் லின்ரனும் வைற்றும் கண்ட நோயாளியிடம் மீள வேண்டும். கருவி நாடியையும் அதனை ஒட்டிய நாளத்தையும் ஒருங்கே துளைத்தால், குருதி வெளியே பெருகாது, நாடியினின்று நாளத்துக்குப் பாயும். நோயாளி அன்று இறப்பதில்லை. நாரி நோவு தீர்ந்தவராய், மகிழ்வுடன் வீடு திரும்புவார். கிழமைகள், மாதங்கள், சில வேளைகளில் ஆண்டுகள் கழியும். கால்கள் வரைந்து செல்ல வேண்டிய குருதியின் ஒரு பகுதி குறுக்குவழியே இதயத்துக்குத் திரும்புவதால், இதயம் இருமடங்கு உழைத்துத் தளரும். முதலிற் களைப்பு, பின்னர் மூச்சிரைப்பு, அதன்பின் கால் வீக்கம். அந்நிலையில் நோயாளி நாடுவது முதுகைத் திறந்த நிபுணரையன்று, அண்மையிலுள்ள வைத்தியரையே. பொஸ்ரனில் அவ்வைத்தியர் இதயநோய் நிபுணராயிருந்தார். தெரணியகலையிலோ இறக்குவானையிலோ அவர் தோட்ட மருந்தகத்தில் இருப்பவராவார்.

களைப்பு, மூச்சிரைப்பு, கால் வீக்கம் என்னும் இம்மூன்றும் ஒரு நூற்றாண்டாகத் தோட்ட மருந்தகத்தின் வாயிலில் நின்று வருபவை. கொழுக்கிப்புழுவினாலும் ஊட்டக் குறைவினாலும் வந்த குருதிச்சோகையின் அடையாளங்களும் இவையே. வழக்கமான கண்ணுக்கு வழக்கமான நோயே தோன்றும். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து அனுப்புவதில் மருந்தாளரின் குற்றம் யாதுமில்லை; நூற்றுக்கு மிகப் பெரும்பாலோர்க்கு அதுவே தக்க மருந்து. ஆனால் அந்நூற்றுவருள் ஒருவரின் நாரியிற் குறுந்தழும்பு ஒன்று இருக்குமாயின், அவரது நோய் வேறாயிருத்தல் கூடும். அதனைக் கண்டறியப் பெருங்கருவி எதுவும் வேண்டுவதில்லை. வயிற்றின்மீது கைவைத்தால் அதிர்வு தோன்றும். ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டால், ஆலை இயந்திரம் ஓடுவது போன்ற இடைவிடா முழக்கம் கேட்கும். நெஞ்சில் மட்டும் வைத்துக் கேட்பவர்க்கு அது தப்பிவிடலாம். கண்ணிமையின் உட்புறம் வெளிறாதிருக்க மூச்சிரைப்பு மட்டும் மிகுமாயின் ஐயம் வலுப்பெறும். ஒரு வினாவும் ஒரு செவியுமே இங்குத் தேவை. முதுகிற் சத்திரசிகிச்சை நடந்ததா என்பதே அவ்வினா.

அவ்வினாவுக்கு விடை கூறுவதற்கு நோயாளி தமக்கு நடந்தது யாது என்பதை அறிந்திருத்தல் வேண்டும். இலங்கை வைத்தியசாலைகளில் நோயாளி வீடு செல்லும்போது கொடுக்கப்படும் நோய்விவரத் துண்டு பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுதப்பட்டு வந்துள்ளது. சப்பிரகமுவாவின் அரச வைத்தியசாலைகளில் வாய்மொழி விளக்கம் பெரும்பாலும் சிங்களத்தில் நடைபெறும். தமிழ் ஒன்றே அறிந்த தோட்டத்துப் பெண்ணொருவர் தம் இடுப்பில் ஏதோ செய்தார்கள் என்பதன்றி வேறொன்றும் அறியாதவராய் இலயத்துக்குத் திரும்புதல் நேரக்கூடியதே. கொழும்புக்கும் தோட்டத்துக்கும் இடையேயுள்ள மிக நீண்ட தொலைவு இதுவே.

இத்தொலைவு தமிழின் வறுமையால் நேர்ந்ததன்று. அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன் 1847ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவம் கற்பித்து, 1873ஆம் ஆண்டு வரையில் அறுபதுக்கு மேற்பட்ட மாணவரை உருவாக்கினார். அவர்களிற் பலர்க்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். உடலமைப்பை விளக்கும் மனுஷ அங்காதிபாதம், சத்திரசிகிச்சையை விளக்கும் இரண வைத்தியம் முதலிய நூல்கள் அவர்தம் முயற்சியால் தமிழில் வெளிவந்தன. கொழும்பில் மருத்துவக் கல்லூரி தோன்றுவதற்கு முன்னரே நாடிக்கும் நாளத்துக்கும் தமிழ்ச் சொல் அச்சேறியிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மாணவர்க்குத் தமிழிற் கூற முடிந்ததை, நோயாளிக்கு நான்கு வரித் துண்டிற் கூற முடியாமைக்கு மொழி காரணமாகாது.

நிபுணர்தம் பக்கத்தில் இடரைக் குறைக்கும் வழிகள் பெருகியுள்ளன. 1977ஆம் ஆண்டில் யசர்கில், காஸ்பர் என்னும் இருவரும் தனித்தனியே நுணுக்குக்காட்டியின் துணையுடன் சிறு துளை வழியே தட்டின் பிதுங்கிய பகுதியை அகற்றும் முறையை வெளியிட்டனர். தட்டின் உள்ளே ஆழமாகச் சென்று முழுவதையும் எடுத்தல் வேண்டா என்னும் கருத்து அதன்பின் வலுப்பெற்றது. வயிறு அழுந்தாதவாறு நோயாளியைத் தாங்குதல், கருவியில் ஆழக்குறி இட்டு மூன்று சென்ரிமீற்றரைக் கடவாதிருத்தல், முன்னரே காந்தப் படம் எடுத்துக் கலன்களின் இடத்தை அறிதல் என்பன வழக்கிற்கு வந்தன. 1990ஆம் ஆண்டில் ஆர்ஜெந்தீனாவின் புவனோஸ் ஐரிஸ் நகரிற் குவான் பரோடி, வயிற்றைத் திறவாது தொடை நாடியின் வழியே உறையிட்ட குழலைச் செலுத்திப் பெருநாடி வீக்கத்தைச் சீர்செய்தார். அம்முறை பின்னர் இக்காயங்களுக்கும் பயன்படலாயிற்று. கண்டறியப்பட்டால் தீர்க்கக்கூடிய நோயாக இது மாறியிருக்கின்றது. கண்டறிதலே எஞ்சிய கடமை.

இவ்வரலாறு கற்பிக்கும் பாடம் நாரிச் சத்திரசிகிச்சையை அஞ்சி ஒதுக்குக என்பதன்று. பத்தாயிரத்தில் ஐவர்க்கு நேரக்கூடியதை அஞ்சி, நடக்க இயலாத நோவுடன் வாழ்நாளைக் கழித்தல் அறிவுடைமையாகாது. காலில் உணர்ச்சி குன்றி, சிறுநீர் அடைபடும் அளவுக்கு நரம்பு நசுங்கியவர்க்குத் தாமதமே பெருந்தீங்கு. ஆனால் தன் உடலிற் செய்யப்படுவது யாது, அதன் இடர் யாது, பின்னாளில் எவ்வடையாளம் தோன்றினால் எங்குச் செல்லல் வேண்டும் என்பவற்றைத் தன் மொழியில் அறியும் உரிமை, கொழும்பில் வாழும் நோயாளிக்கும் தோட்டத்து நோயாளிக்கும் ஒன்றே. முன்னாளில் யாழ்ப்பாணத்துக் கல்லூரிகளிற் கற்றோர் தோட்ட மருந்தகங்களுக்குச் சென்றது போல, இந்நாளிலும் கல்லூரிகளில் விஞ்ஞானம் பயிலும் மாணவருட் பலர் வைத்தியராய் அம்மாகாணத்துக்குச் செல்லக்கூடும். வீங்கிய காலுடன் வந்து நிற்பவரைத் திரும்பச் சொல்லி, நாரியில் தழும்பு உண்டா என்று பார்க்கும் ஒரு நிமிடம் அவர்களிடம் இருத்தல் வேண்டும். காயம் கொழும்பில் நேர்ந்திருக்கலாம். அது கண்டறியப்படும் இடம் எட்டியாந்தோட்டைக்கு அப்பால் ஒரு சிறு மருந்தகமாக இருக்கலாம்.